பத்தொன்பதாம் நம்பர் சாக்கெட்

"பத்தொம்பது சாக்கெட்ட பாத்தியா?" என்று மணியம் அங்கிள் கேட்டபோது அது என் கால்சட்டைப் பையில் இருந்தது.

"இந்தாங்க அங்கிள்."

"நேத்தும் ஒன் பையில, இன்னிக்கும் ஒன் பையில. அது என்ன, முட்டாயா?"

சாக்கெட் என்றால் நட்டு கழற்றும் இரும்புக் குழல். மற்றவை குட்டையாக இருக்கும். இது மட்டும் விரல் நீளம். உள்ளே என் மோதிர விரல் அளவெடுத்தது போல் நுழையும். அதைக் கண்டுபிடித்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் கடை சாத்தியதும் எடுத்துக்கொண்டு போய், காலையில் திரும்ப வைக்க மறந்துகொண்டிருந்தேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து கடல் தாண்டி வந்து, புக்கிட் பெருவாங்கில் அங்கிளின் மோட்டார் சைக்கிள் கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்கு மேலேயே அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடு பேசுவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, பக்கத்துத் தெரு சுரேன் அண்ணன் தன் இசைக்குழுவில் சேர்த்துக்கொண்டார். வாசிக்க இல்லை. ஸ்பீக்கர் தூக்க, ஒயர் சுற்ற.

குழுவில் சுரேன் அண்ணன் கீபோர்டு, நளினி அக்கா பாட்டு. எந்தக் கல்யாண விருந்தானாலும் மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் வரும்போது நளினி அக்கா பிள்ளையார் மேல் ஒரு விருத்தம் பாடுவார். தாளம் கிடையாது. ஒரு வரி பாடி நிறுத்துவார். வயலின் அதை அப்படியே வளைத்துத் திருப்பிச் சொல்லும். வயலின் வாசித்த ரோகினிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. கீபோர்டோ ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுமே தவிர வழுக்காது.

"கிட்டார்ல பண்ணலாம்ணே," என்றேன், ஒயரைச் சுற்றிக்கொண்டே.

இருவரும் திரும்பினார்கள்.

"ஒனக்கு கிட்டார் தெரியுமா?" என்றார் சுரேன் அண்ணன்.

"காலேஜ்ல வாசிச்சிருக்கேன். இங்கயும் பழசு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்."

"இதுக்கு இழுக்கணும் லா. சும்மா தட்டுற வேல இல்ல." இந்த ஊரில் பேச்சோடு ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"வெரல்ல ஒரு குழாய மாட்டி கம்பி மேல தள்ளுனா இழுபடும்ணே. ஸ்லைடு கிட்டார்."

"நீ தள்ளிருக்கியா?"

"தள்ளுவேன்."

போனில் பார்த்ததோடு சரி. ஆனால் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டவும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். வண்டி ஓடியது.

"தங்கா பத்துங்கிற ஊர்ல மணியம் அங்கிளோட அண்ணன் மகளுக்கு கல்யாண டின்னர் வருது. அதுக்குள்ள வந்துச்சுனா மேடையில நாற்காலி போடுறேன். வரலைன்னா ரெக்கார்டிங் போட்டுக்கிறேன், நீ ஒயர் சுத்து."

"அன்னிக்கி மட்டுமா?"

"இல்ல. எப்பவும்."

அன்று மாலையே தொடங்கினேன். கம்பிகள் கிட்டாரின் கழுத்துக்கு மிக அருகில் இருந்ததால் சாக்கெட் அதில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் இடித்து டக்டக்கென்றது. திருகு கழற்றும் ஆலன் சாவிக் கம்பி ஒன்றைக் கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகளுக்கு அடியில் செருகித் தூக்கிவிட்டேன். கம்பிகளை ச, ப, ச, க, ப, ச என்று சேரும்படி திருகி வைத்தேன். சும்மா ஒருமுறை வருடினாலே நிறைவாக ஒலித்தது. பாதி வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மீதிப் பாதியைக் கெடுத்தது எங்கள் ஊர் வீணை டீச்சர். அவர் பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் இருக்கும். இடது கை விரல்களை அதில் தொட்டுக்கொண்டுதான் கம்பியை இழுப்பார். கம்பி வழுக்க எண்ணெய்தான் ரகசியம் என்று முடிவு செய்து, ஆறு கம்பிகளுக்கும் தேங்காயெண்ணெய் தடவினேன். நன்றாகவே தடவினேன். சாக்கெட் விரலிலிருந்து நழுவி கட்டிலுக்கு அடியில் உருண்டது. சத்தமோ ஈரத் துண்டைப் போர்த்தியது போல் அடங்கிப்போனது. பதிவு செய்து ஊரிலிருக்கும் தங்கைக்கு அனுப்பினேன்.

"அண்ணா, பூனைய மிதிச்சிட்டியா?" என்று பதில் வந்தது.

ஒத்திகைக்கு அதையே எடுத்துப் போனேன். நளினி அக்கா மூக்கைச் சுருக்கினார்.

"என்ன தம்பி, தாளிச்சியா?"

"வீணைக்கு எண்ணெ போடுவாங்கல்லக்கா."

"அது வாசிக்கிறவங்க வெரல் அறுந்துறக் கூடாதுன்னு போடுறது. ஒன் வெரல்லதான் இரும்பு இருக்கே. இரும்புக்கு வலிக்குமா?"

"மெக்கானிக் லா," என்றார் சுரேன் அண்ணன். "எதப் பாத்தாலும் எண்ணெ ஊத்துவான்."

புதுக் கம்பிகள் மாட்டினேன். சத்தம் திரும்பியது. ஆனால் நளினி அக்காவின் முகம் இன்னும் சுளித்தபடியே இருந்தது.

"சுதி எறங்கி நிக்குது."

"சரியான கட்டத்துலதான் வெக்கிறேன்கா."

"கட்டத்தப் பத்தி எனக்குத் தெரியாது. நா ஒரே எடத்துல நிக்கிறேன். நீ கண்ண மூடிக்கிட்டு அங்க வந்து சேரு."

அவர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தார். நான் சாக்கெட்டை மெல்ல மேலே தள்ளினேன். குரலுக்கும் கம்பிக்கும் நடுவே இருந்த உறுத்தல் குறைந்து, குறைந்து, சட்டென்று காணாமல் போனது. கண்ணைத் திறந்தால் சாக்கெட் இரண்டு உலோகக் கட்டைகளுக்கு இடைப்பட்ட கட்டத்தின் நடுவில் இல்லை. கட்டத்தின் முடிவில் இருக்கும் உலோகக் கட்டைக்கு நேர் மேலே நின்றது. விரலால் அழுத்தும்போது கட்டத்துக்குள் எங்கே வைத்தாலும் அந்த உலோகம் சுரத்தைப் பார்த்துக்கொள்ளும். இங்கே அழுத்துவதே இல்லை; சாக்கெட் நிற்கிற இடம்தான் சுரம்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக வந்தது. சாக்கெட்டுக்குப் பின்னால் மற்ற விரல்களைக் கம்பி மேல் லேசாகப் படுக்கப் போட்டால் கரகரப்பு அடங்கும் என்பதையும் பிடித்துக்கொண்டேன். விருத்தம் முழுவதும் வந்தது. தங்கைகூட, "பூனை செத்துருச்சா?" என்று கேட்டாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

தங்கா பத்து மண்டபத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தது. சுரேன் அண்ணன் லேப்டாப்பில் ரெக்கார்டிங்கைத் தயாராக வைத்திருந்தார்.

"ஒரு வரி தப்புனாலும் இத தட்டிருவேன்," என்றார். "கோவிச்சுக்காத."

"தட்ட வேண்டி வராதுண்ணே," என்றேன். சாக்கெட்டை விரலில் மாட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் வந்து நின்ற நேரம், மின்சாரம் போனது. இருட்டில் பிள்ளைகள் கத்தினார்கள். யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். "சுவிட்ச்ச பாருங்கடா" என்று மணியம் அங்கிளின் குரல் கேட்டது. பெண் வீட்டார், சகுனம் சரியில்லை என்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நளினி அக்கா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. மைக் இல்லாமல், கீபோர்டின் சுதி இல்லாமல், விருத்தத்தைத் தொடங்கிவிட்டார்.

மண்டபம் அடங்கியது. முதல் வரி முடிந்தது. என் முறை. என்னுடையது மரக் கிட்டார், மின்சாரம் வேண்டாம்.

பழகிய இடத்தில் சாக்கெட்டை வைத்துத் தொட்டுப் பார்த்தேன். உறுத்தியது. இருட்டில் நளினி அக்கா தானாக எடுத்த சுதி. ஒத்திகையில் பாடியதைவிடச் சற்று மேலே, அடுத்த கட்டைக்குச் சற்றுக் கீழே, இரண்டுக்கும் நடுவில் நின்றது. கண்ணை மூடத் தேவையே இல்லை, எப்படியும் இருட்டுதான். அவர் நின்ற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். முன்பு தப்பாக வைத்துத் திட்டு வாங்கினேனே, அதே நடுக்கட்டத்தில் உறுத்தல் காணாமல் போனது. சாக்கெட் படாத மற்ற கம்பிகள் ஒத்துவராது என்பதால் அவற்றை உள்ளங்கையால் அடக்கிக்கொண்டு, ஒரே கம்பியில் அந்த வரியைத் திருப்பிச் சொன்னேன்.

அடுத்த வரியை நளினி அக்கா இன்னும் தைரியமாக எடுத்தார்.

விளக்கு வந்தது. சுரேன் அண்ணன் கீபோர்டில் ஒரு விரல் வைத்தார், பல் கூசியது. உடனே எடுத்துவிட்டார். அவர் கை லேப்டாப்புக்குப் போனது. அந்த ரெக்கார்டிங்கும் கீபோர்டு சுதிதான் என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்து வந்தார்கள். கடைசி வரிக்குப் பின் தாளத்தோடு பாட்டு தொடங்க வேண்டும். அதற்குக் கீபோர்டு வேண்டும். நாங்கள் நின்ற சுதியோ அதோடு சேராது. கடைசி சுரத்தைப் பிடித்து, அவசரப்படாமல், சாக்கெட்டைக் கீழே இழுத்துவந்து பழகிய கட்டை மேல் நிறுத்தினேன். நளினி அக்கா ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு அவர் குரலும் அங்கேயே இறங்கி வந்து நின்றது. சுரேன் அண்ணன் கீபோர்டை அமுக்கினார். சேர்ந்தது.

விருந்து முடிந்ததும் பழக்கத்தில் ஒயரை எடுக்கக் குனிந்தேன்.

"வெய்யி லா," என்றார் சுரேன் அண்ணன். "நா சுத்துறேன். பெம்பான்ல அடுத்த கல்யாணம் இருக்கு, லீவு சொல்லி வை."

யாரிடம் லீவு சொல்ல வேண்டுமோ அவரே மேடைக்கு வந்துவிட்டார். மணியம் அங்கிள் என் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னோட பத்தொம்பது."

"ஆமா அங்கிள்."

"நல்லா இருந்துச்சு. நாளைக்கி காலையில ஒரு வண்டி நிக்குது. குடு."

கழற்றப் பார்த்தேன். விரல் வீங்கியிருந்தது. திருகினேன், இழுத்தேன். அங்கிளும் இழுத்தார். அசையவில்லை.

நளினி அக்கா சமையற்கட்டுப் பக்கம் போய் ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

"இப்ப போடு தம்பி எண்ணெ."