முப்பத்தாறாம் வாரத்து ராஜயோகம்

மஞ்சள் தடவிய தாளை டாக்டர் எஸ்தரின் மேசையில் வைத்தார் ஆண்டிச்சாமி. ஆரப்பாளையத்து ஜோசியர் குறித்துக் கொடுத்தது. அடுத்த வியாழன் காலை ஒன்பதரைக்குள் குழந்தையை ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டுமாம். மருமகள் பிரியம்வதாவுக்கு அன்றைக்கு முப்பத்தாறு வாரம்தான் முடியும். அதை ஜோசியரும் கேட்கவில்லை, மாமனாரும் சொல்லவில்லை.

மூத்தவன் அஸ்வத்தையும் இப்படித்தான் வேறொரு ஆஸ்பத்திரியில் நாலு வாரம் முன்னாலேயே எடுத்தார்கள். ராஜயோக ஜாதகம் என்று தெருவெல்லாம் லட்டு கொடுத்தார் மனிதர். இப்போது அவனுக்கு நாலு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று தெரிந்த நாளிலிருந்து ராஜயோகத்தைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. "வயித்துப் பிள்ளையோட ஸ்கூட்டில சுத்துனா வேற எப்படிப் பிறக்கும்?" என்று சொந்தம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். பெருமை வந்தால் ஜாதகத்துக்கு, பழி வந்தால் மருமகளுக்கு. நல்ல நியாயம்!

"டாக்டர், நான் ஸ்கூட்டில போனதாலயா என் பிள்ளை இப்படி?" பிரியம்வதா கேட்டே விட்டாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"அப்ப முன்னாடியே எடுத்ததாலயா?"

"ஒரு பிள்ளையக் காட்டி அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. சீக்கிரம் பிறந்த பிள்ளைங்கள்ல ஆட்டிசம் கொஞ்சம் கூடுதலாத் தெரியுது, அம்புட்டுதான். பரம்பரை, இன்னும் என்னென்னமோ இருக்கு. ஆனா காரணமில்லாம இப்பவே எடுத்தா, மூச்சுத்திணறலே வரலாம். உங்களுக்கு முப்பத்தொம்பது வாரம் வரைக்கும் பொறுக்கலாம். நடுவுல வலி வந்தா உடனே வந்துருங்க."

"அது முடியாதும்மா," என்றார் ஆண்டிச்சாமி. "அந்த வாரத்துல வர்ற நட்சத்திரம் ஒண்ணுமே தாத்தனுக்கு ஆகாதாம்ல!"

பிரியம்வதாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இதற்குத்தானா இந்த அவசரம்? கணவன் சூரியபிரகாஷைப் பார்த்தாள். அவன் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா பெரியவரு, அவரு சொன்னா..." என்று இழுத்தான்.

"நீங்க சும்மா இருங்க." அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "என் அஸ்வத்து எனக்குத் தங்கம் மாமா. அவன் எப்படி இருந்தாலும் நான் வளர்ப்பேன். ஆனா நீங்க நாள் குறிப்பீங்க, பழிய நான் சுமக்கணுமா? இன்னொரு தடவை நடக்காது."

"அப்ப நான் செத்தாலும் பரவால்லையா?"

"தாத்தனுக்கு ஆகாதுன்னா, தாத்தன் நீங்க போயி சோழவந்தான்ல உங்க மக வீட்டுல இருங்க. என் பிள்ளை இருக்குற எடத்துலயே இருக்கட்டும்."