கத்தாத பஸ்ஸர்

காளியண்ணனின் படகில் பஸ்ஸர் கத்தத் தொடங்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. முதல் நாள் அதன்மேல் துண்டைச் சுற்றிப் பார்த்தார். மூன்றாம் நாள், கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவரிடம் மைதா உருண்டை ஒன்றை வாங்கி, பஸ்ஸரின் ஓட்டைகளில் அப்பிவிட்டார். அப்போதும் அது உள்ளுக்குள் முனகிக்கொண்டேதான் இருந்ததாம். பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லாமல் என் கடை வாசலில் வந்து நின்றார்.

"தமிழரசு, நீ வந்து ஒருக்கா பாரு சாமி. அக்கரை போய்ச் சேர்றதுக்குள்ள சனம் காதப் பொத்திக்குது. உம்பட சம்சாரமே நேத்து என்னைய வையுது."

என் மனைவி மோகனப்பிரியா அக்கரை ஊரில் அங்கன்வாடி டீச்சர். தினமும் காலை எட்டேகாலுக்கு அந்தப் படகில் காவிரியைக் கடந்து போய், சாயந்திரம் அதிலேயே திரும்புகிறவள். படகில் பத்து நிமிடம். கதவணைப் பாலம் வழியாகப் பஸ்ஸில் சுற்றினால் முக்கால் மணி நேரம்.

நான் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளில் பதினெட்டு வருடம் எலெக்ட்ரீசியனாகக் காலம் தள்ளிவிட்டு, இப்போது ஊரில் வண்டி எலெக்ட்ரிக் கடை வைத்திருப்பவன். மகாராஷ்டிரம், சத்தீஸ்கர் என்று எந்தப் பொட்டல் காட்டில் எந்த வயர் அறுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ரிக் என்கிற அந்த வண்டியில் பஸ்ஸர் கத்தினால் நாங்கள் எஞ்சினைச் சந்தேகப்பட மாட்டோம், பஸ்ஸரைத்தான் சந்தேகப்படுவோம். பத்துக்கு ஒன்பது தடவை சுவிட்ச்தான் கெட்டுப்போயிருக்கும். பத்தாவது தடவையைப் பற்றி யாரும் பேசிக்கொள்வதில்லை.

காளியண்ணனின் படகில் இருப்பது ஒரு பழைய லாரி எஞ்சின். உள்ளே ஆயிலின் அழுத்தம் குறைந்தால் கத்துவதற்காக வைத்தது அந்த பஸ்ஸர். எஞ்சினின் உடம்பில் திருகியிருக்கும் கட்டைவிரல் அளவு சுவிட்ச் ஒன்று அதற்குச் சேதி சொல்லும்.

"ஆயில் பாத்தீங்களாண்ணா?"

"தெனமும் பாக்கறனே. சொட்டுக் குறையல. சொல்லப்போனா ஒரு வெரக்கட ஏறித்தான் இருக்குது."

"அப்ப ஆயில் குட்டி போடுதுங்களாட்ட" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பழைய சுவிட்சைக் கழற்றி ஆற்றில் எறிந்தேன். புது சுவிட்சின் மரையில் வெள்ளை டேப்பை நாலு சுற்றுச் சுற்றித் திருகினேன். போர்வெல்காரன் கைக்கு அது பழக்கம். குழாயோ நட்டோ, மரை என்று ஒன்று கண்ணில் பட்டால் ஒழுகாமல் இருக்க டேப் சுற்றாமல் விடமாட்டான். சனம் காத்திருந்ததால் காளியண்ணன் சாவியைத் திருப்பிய கையோடு எஞ்சினைக் கிளப்பினார். சத்தமே இல்லை. படகிலிருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

"தமிழரசு கை வெச்சா அப்பறம் அது வாயத் தொறக்குமா?" என்று காளியண்ணன் கரைக்கே கேட்கும்படி சொன்னார். கடைக்குத் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் புதன்கிழமை நல்ல முகூர்த்த நாள். காலையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே மோகனப்பிரியா சொன்னாள்:

"படகுல இப்ப நிம்மதியா இருக்குதுங்க. சாவி போடறப்பக்கூட அது கம்முனு கெடக்குது."

நான் ம் என்றேன். அவள் சொல்வதற்கெல்லாம் ம் என்பது எனக்கு ரிக்கில் வந்த பழக்கம். பதினெட்டு வருடமும் வாரத்துக்கு ஒரு போன்தான். ஆரம்பத்தில் அவள் எதையாவது சொல்லி அழுவாள். மாமியார், காய்ச்சல், வீட்டில் ஒழுகும் ஓடு என்று நிறைய இருக்கும். நான் பேச்சை மாற்றிவிடுவேன். போகப்போக அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். குடும்பம் ஒரு நிலைக்கு வந்துவிட்டது என்று நான் வண்டிக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அவள் போன பிறகு கடையைத் திறந்து, வாசலில் நின்ற டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. கிளப்பியதும் அணைந்தது.

அப்போதுதான் அவள் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. சாவி போட்டதும், எஞ்சின் ஓடுவதற்கு முன்னால், ஆயிலுக்கு அழுத்தமே இருக்காது. அந்த ஒரு நொடி பஸ்ஸர் கத்தியே ஆகவேண்டும். கத்தவில்லை என்றால் அது சரியாகவில்லை, செத்துப்போயிருக்கிறது. ஒற்றை வயர் சுவிட்ச் அது. எர்த் எடுப்பது மரை வழியாகத்தான். அந்த மரையைத்தான் நான் நாலு சுற்று டேப்பால் கட்டி, கரண்ட் போகாமல் அடைத்திருக்கிறேன்.

டிராக்டர் சாவியைக்கூட உருவாமல் என் பைக்கை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். படகு நடு ஆற்றில் இருந்தது. கீழே கதவணையில் மதகு திறந்திருந்த மாதம். எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் படகை அந்தப் பக்கம்தான் தண்ணீர் இழுக்கும். காளியண்ணனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மோகனப்பிரியாவுக்கு அடித்தேன். எடுத்தவள், "ஒண்ணுமே கேக்கலீங்க, எறங்கிட்டுக் கூப்புடறேன்" என்று வைத்துவிட்டாள். கரையில் நின்று அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தில் எனக்குக் குலதெய்வத்தின் பெயர்கூட வாயில் வரவில்லை. மோகனப்பிரியாவின் பச்சைப் புடவை அக்கரைப் படியில் ஏறுவது தெரிந்த பிறகுதான் கீழே உட்கார்ந்தேன்.

படகு திரும்பி வந்தபோது துறையில் ஆட்டையாம்பட்டிக் கல்யாணக் கூட்டம் சீர்த்தட்டுகளோடு நின்றது. நாற்பது பேர் இருக்கும். நான் படகில் குதித்து, காளியண்ணனிடம் எதுவும் சொல்லாமல் சுவிட்சைக் கழற்றினேன். டேப்பை உரித்து, மரையைத் துடைத்து, மறுபடி திருகினேன்.

"சாவியப் போடுங்கண்ணா."

போட்டார். காய்ந்த மைதா இரண்டு ஓட்டைகளிலிருந்து தெறிக்க, பஸ்ஸர் வீறிட்டது. எனக்கு உயிர் வந்தது. "இனிக் கெளப்புங்க, நின்னுரும்" என்றேன்.

கிளப்பினார். நிற்கவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க அது கத்திக்கொண்டே இருந்தது, அந்தப் பதினோரு நாளும் கத்திய அதே கத்தல். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, ஆயில் அளவுக் கம்பியை உருவி முகர்ந்தேன். டீசல் வாடை அடித்தது. எங்கேயோ கசிந்து டீசல் ஆயிலுக்குள் இறங்கி, அதை ரசம் போல நீர்த்துப்போக வைத்திருந்தது. ஒரு விரற்கடை ஏறியதன் காரணம் அதுதான். ஆற்றில் எறிந்த சுவிட்ச் நல்ல சுவிட்ச். பஸ்ஸர் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

காளியண்ணன் என் தோளைத் தொட்டு, கூட்டத்துக்குக் கேட்காமல் சொன்னார்:

"இந்த ஒரு நடைக்கு அந்த டேப்பையே திரும்பச் சுத்திரு சாமி. முகூர்த்தத்துக்குப் போற சனம். மூணு நாளு ஓடுச்சல்ல?"

டேப் என் சட்டைப்பையில்தான் இருந்தது. சுற்றிவிட்டால் என் பெயரும் தப்பும், அவர் பிழைப்பும் தப்பும். பத்து நிமிட ஆறு. என் கை பைக்குள் போனது உண்மை, அதை மறைப்பதற்கில்லை. போன கையில் போன்தான் தட்டுப்பட்டது. அது அடித்துக்கொண்டிருந்தது.

"அங்கன்வாடி வந்துட்டனுங்க. எதுக்குக் கூப்புட்டீங்க?" என்றாள்.

அவளிடம் இரு என்றுகூடச் சொல்லாமல், போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"படகு ஓடாதுங்க. எஞ்சின் கெட்டிருக்குது. அது கத்துச்சு, நான்தான் வாய அடச்சுப்போட்டேன். தப்பு எம்பட தப்பு. நீங்க பாலம் சுத்திப் போயிருங்க."

மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்னால் வந்தார். "இப்ப வரைக்கும் ஓடுன படகு எங்களுக்கு மட்டும் ஓடாதாக்கும்? ஏனப்பா, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?" என்றார். இன்னும் கொஞ்சம் சொன்னார். எல்லாமே நியாயமான பேச்சுத்தான். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையாக ரோட்டுக்கு ஏறினார்கள். கடைசியாகப் போனவள் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழம் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

போனில் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளு அதுலதான் போனனுங்க" என்றாள்.

"ஆமா."

"நாந்தான் சத்தம் போடுதுன்னு சொன்னேன்."

"நீ சொன்னது சரி. நான்தான் கேக்கல."

அக்கரையில் குழந்தைகளின் சத்தம் கேட்டது. முன்பென்றால் அந்த இடத்தில் வேறு பேச்சுக்குத் தாவி, போனை வைத்திருப்பேன்.

"ஏதாச்சும் சொல்லு" என்றேன்.

"இப்ப வேண்டாமுங்க. சாயந்திரம் பஸ்ஸுல வாரேன். வந்து சொல்றேன்" என்றாள். பிறகு, "நெறைய இருக்குது" என்று வைத்தாள்.

காளியண்ணன் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்து, துறையில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்து எடுத்தார். பஸ்ஸரை மடியில் வைத்துக்கொண்டு, மீதி ஓட்டைகளில் காய்ந்து கிடந்த மைதாவை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்து ஆற்றில் தட்டினார். அதைத் தின்ன கெண்டைக்குஞ்சுகள் படகோரம் கூடிக்கொண்டிருந்தன.