தடம் விடாத பேனா

மலிவான மைப்பேனாவில் ஒரு பெரிய நன்மை உண்டு. அதை யாரும் திருட மாட்டார்கள்.

எங்கள் ஆலையில் மேசைமேல் ஒரு பால்பாயிண்ட் பேனாவை வைத்தால் அரை நாள் தாங்காது. நூல் போட்டு மேசைக் காலில் கட்டிப் பார்த்தேன். மறுநாள் நூல் மட்டும் தொங்கியது. மைப்பேனா அப்படியில்லை. எடுத்தவன் பால்பாயிண்ட் மாதிரி அழுத்தி இரண்டு கோடு இழுப்பான், முள் தாளைக் கீறும், விரலில் மை அப்பும், "சனியன்" என்று போட்ட இடத்திலேயே போட்டுவிட்டுப் போவான்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து எழுதுபொருள் கடையில் இரண்டு டீ விலைக்கு வாங்கினேன். கறுப்பு பிளாஸ்டிக், மூடியில் ஒரு கீறல், சொட்டு சொட்டாக மை ஊற்றிக்கொள்ளும் பழைய வகை. காலையில் முதல் எழுத்து வராது, உதற வேண்டும். உதறினால் சுவரில் கோலம். மை கால்வாசிக்குக் கீழே இறங்கிவிட்டால் கைச் சூட்டுக்கே கக்கிவிடும். ஆனால் அழுத்தாமல் எழுதலாம். பொதிகளுக்கும் இயந்திரங்களுக்கும் மாட்ட ஒரு நாளைக்கு முப்பது அட்டை எழுதுகிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை. பால்பாயிண்டால் அட்டையில் எழுதினால் சாயங்காலம் கட்டைவிரல் மரத்துப்போகும். இந்தப் பேனா அட்டைமேல் வழுக்கிக்கொண்டு போனது. எழுதிய பக்கத்தைத் தடவினால் எழுதியதே தெரியாது. அவ்வளவு வழுவழுப்பு. அதைத்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஜட்ஜ் ஐயா தீர்ப்பு எழுதுறாரு, யாரும் மூச்சு விடாதீங்க" என்பார் மேஸ்திரி.

அது பழைய தாள் ஆலை. கழித்துப்போட்ட புத்தகம், அட்டைப்பெட்டி, பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள் எல்லாம் கம்பி கட்டிய பொதிகளாக வரும். தொட்டியில் தண்ணீரோடு போட்டு அரைத்து, மையைப் போக்கி, புதுத் தாளாக ஓட்டுவோம். எழுதினதை அழிப்பதுதான் எங்கள் தொழில். இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்றால், மற்றவன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். நான் தெரிந்தவன்.

தொட்டி இரண்டு. ஒவ்வொன்றும் ஒன்றரை ஆள் ஆழம். அடியில் இரும்பு விசிறி. ஓட ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு பொதி கூழாகிவிடும். ஒரு தடவை பூனை விழுந்தது. நிறுத்தித் தேடினோம், எதுவும் கிடைக்கவில்லை. "இன்னைக்கு வர்ற தாள்ல மீசை இருக்கான்னு பாருங்கடா" என்றான் அவசரம். எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

அவசரம் என்பது சுவிட்சுக்காரனின் பட்டப்பெயர். தொட்டியை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவன். தொட்டியின் வாய் மேல்தளத்தில் இருந்தது. தண்ணீர் தெறிக்கும் என்று சுவிட்சுப் பலகையைக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். அங்கே நின்றால் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. சுவிட்சுக்கு ஒரு பூட்டு இருந்தது. சாவி தொலைந்து ஒரு வருஷமாயிற்று. அதனால் எல்லாமே அட்டைதான்.

பொதிக் கம்பி விசிறியில் சுற்றிக்கொண்டால் தண்ணீரை வடித்துவிட்டு ஆள் உள்ளே இறங்கி வெட்டி எடுக்க வேண்டும். அப்போது நான் ஒரு வெள்ளை அட்டையில் "ஆள் உள்ளே. தொடாதே" என்று எழுதி, எழுதிய பக்கம் தெரியும்படி சுவிட்சுக்கு மேலே கொக்கியில் மாட்டுவேன். ஆள் ஏறி வந்ததும் நானே போய் அட்டையைத் திருப்பி வைப்பேன். எழுத்து தெரிந்தால் ஆள் இருக்கிறான். வெள்ளை தெரிந்தால் ஓட்டலாம். திருப்புகிற உரிமை எனக்கு மட்டும். படிப்பைப் பாதியில் விட்டு இரவு ஷிப்டில் மூட்டை தள்ளிக்கொண்டிருந்த என்னைக் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பகலுக்கு மாற்றிக் கொடுத்த உத்தியோகம் அது.

உள்ளே இறங்குகிறவர் மாமா. அக்காவின் கணவர். ஓட்டிக்கொண்டிருந்த வேன் கைவிட்டுப் போய் வீட்டில் சும்மா இருந்தவரை ஆலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். நான் அவர்கள் வீட்டு முன்னறையில் இருந்தேன். சோறு போடுகிறவர்களுக்கு அதையாவது செய்யலாமே என்று நினைத்தேன். ஒல்லி உடம்பு, எனவே தொட்டி வேலை அவருக்கு என்று மேஸ்திரி முடிவு செய்தார். முதல் நாள் அக்கா வாசல்வரை வந்தாள்.

"உன்னை நம்பித்தாண்டா அனுப்புறேன். அவருக்கு அந்த மெஷினு பத்தி ஒண்ணும் தெரியாது."

"நான் இருக்கேன்ல, போக்கா" என்றேன்.

அன்று காலை பத்து மணிக்கு இரண்டாம் தொட்டியில் கம்பி மாட்டியது. தண்ணீரை வடித்தார்கள். மாமா கையுறை போட்டுக்கொண்டு, கம்பி வெட்டும் கத்திரியை இடுப்பில் செருகிக்கொண்டு, கயிற்று ஏணியில் கால் வைத்தார்.

"மாப்ளே, அட்டை போட்டாச்சா?"

"இதோ எழுதுறேன் மாமா."

"போட்டதும் சத்தம் குடு. அதுக்கு முன்னாடி எறங்க மாட்டேன். உங்கக்கா என்னை விதவையாக்கிட்டுப் போன்னா சொன்னா?"

"விதவை ஆகப்போறது அவ மாமா, நீங்க இல்ல."

"அதுவும் சரிதான். எனக்கென்ன, நிம்மதி."

சிரித்துக்கொண்டே எழுதினேன். ஆள் உள்ளே. தொடாதே. நேரத்தையும் போட்டேன். கீழே ஓடி மாட்டிவிட்டு, படியிலிருந்து "போட்டாச்சு" என்று கத்தினேன். அவர் இறங்கினார்.

மாட்டும்போது என் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. கொக்கிக்கு மேலே குளிர்ந்த தண்ணீர்க் குழாய் போகிறது. காலை நேரத்தில் அது வேர்க்கும். யாரோ அதற்கு பாலிதீன் கட்டியிருந்தார்கள்; அது எப்போதோ கிழிந்துவிட்டது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பொதி முற்றத்துக்குப் போனேன். பதினோரு நாளாக அந்தப் பேனாவால்தான் அட்டை எழுதுகிறேன். எல்லாம் மேல்தளத்து வேலைகள், காய்ந்த இடங்கள். இந்தக் கொக்கிக்கு அந்தப் பேனாவால் எழுதியது அதுதான் முதல் தடவை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

முற்றத்தில் முந்தின நாள் மழையில் நனைந்த பொதி ஒன்று பிரிந்து கிடந்தது. பரீட்சைத் தாள்கள். குனிந்து ஒன்றை எடுத்தேன். பக்கம் முழுக்க வெளிறிய நீலம், ஒரு வரிகூட இல்லை. ஓரத்தில் வாத்தியார் பால்பாயிண்டால் போட்ட சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு. நான்கு. ஒன்றரை. பூஜ்யம். பதில் ஒன்றும் இல்லை, மதிப்பெண் இருந்தது.

பாவம், மைப்பேனாவால் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பிறகு அந்தச் சொட்டு நினைவுக்கு வந்தது. புறங்கையைப் பார்த்தேன்.

அப்போது மணி அடித்தது.

தொட்டியை ஓட்டுவதற்கு முன் சுவிட்சுக்காரன் மூன்று மணி அடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து எண்ண வேண்டும். அவசரம் மூன்று வரைதான் எண்ணுவான். மணியின் சத்தம் இரண்டு தொட்டிக்கும் ஒன்றே. முதல் தொட்டியாக இருக்கலாம் என்று ஓடிக்கொண்டே சொல்லிக்கொண்டேன். முதல் தொட்டி காலையிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பதும் ஓடிக்கொண்டே நினைவுக்கு வந்தது.

முற்றத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு நூறு அடி இருக்கும். நடுவே தள்ளுவண்டிகள். இரண்டாவது மணி அடித்தபோது நான் எடைமேடையைத் தாண்டியிருந்தேன். கத்தினேன், முதல் தொட்டியின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. ஒரு வண்டியில் முழங்கால் இடித்தது. மூன்றாவது மணி கேட்டபோது கதவருகே இருந்தேன். அதற்கப்புறம் வரவேண்டிய சத்தம் எனக்குத் தெரியும். முதலில் ஒரு முனகல், பிறகு இரண்டு தொட்டியும் சேரும்போது தரை அதிரும். அதிர்கிறதா என்று காலால் கேட்டுக்கொண்டே ஓடினேன். மாமாவின் கத்திரி, மாமாவின் கையுறை, மாமாவின் பல் என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. அக்காவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். அந்த அளவுக்கு நேரம் இருந்தது.

தரை அதிரவில்லை.

அவசரம் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நின்று, தோள் துண்டால் பச்சைப் பொத்தானைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்துத் துண்டைத் தோளில் போட்டான். கட்டைவிரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனான். நான் அவன்மேல் விழுந்தேன். இரண்டு பேரும் சுவரில் மோதித் தரையில் உருண்டோம்.

"டேய்! பைத்தியமாடா உனக்கு?"

"ஆள்... உள்ள... ஆள்..."

"எங்கடா ஆளு? நீதான் அட்டையத் திருப்பிட்டியே!"

"திருப்பல."

"கண்ணு தெரியலையா? வெள்ளையா இருக்கு பாரு!"

பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. கீழ் விளிம்பில் மட்டும் லேசான நீலம். அதிலிருந்து ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுந்து, பலகையில் வழிந்து, பச்சைப் பொத்தானின் விளிம்பில் போய் நின்றது.

அவசரமும் அதைப் பார்த்தான். அவன் முகம் கூழ் நிறத்துக்கு வந்தது.

"பொத்தான்ல ஏதோ நீலமா தண்ணி நின்னுச்சு" என்றான். குரல் தேய்ந்துபோயிருந்தது. "கரண்ட் அடிக்கும்னு பயந்துதான்டா தொடச்சேன். இல்லைன்னா எப்பவோ..."

தோள் துண்டை எடுத்துக் காட்டினான், அதில் நீலக் கறை இருந்தது.

மாமா ஏறி வந்து பத்து நிமிடம் கழித்துத்தான் நான் மேலே போனேன். அவர் வெட்டிய கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மணி கேட்டுச்சா மாமா?"

"கேட்டுச்சே. பக்கத்துத் தொட்டின்னு நெனச்சேன். ஏன், மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்; அவசரம் வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான், அவனுக்கும் வேலை வேண்டும். ஆனால் அந்தக் கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமா கீழே இறங்கினார். கொக்கியிலிருந்து அட்டையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார், இடமிருந்து வலம், வரி வரியாக. பால்பாயிண்டால் எழுதியிருந்தால் மை போனாலும் அழுத்திய பள்ளம் விரலுக்குத் தெரியும். அவர் மறுபக்கத்தையும் தடவினார். எந்தப் பக்கத்தில் எழுதினேன் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

"நீ எழுதினியா மாப்ளே?" என்று கேட்டார்.

"எழுதினேன் மாமா. சத்தியமா எழுதினேன்."

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் அவரே ஒரு பூட்டு வாங்கிவந்து சுவிட்சில் மாட்டினார். மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். இன்னொரு சாவி யாரிடம் என்று கேட்டேன். ஆற்றில் போட்டுவிட்டேன் என்றார். இப்போது நான் அட்டை எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான். அவர் இறங்கும்போது "போட்டாச்சா" என்று கேட்பதில்லை.

வீட்டில் இருவரும் இதைப் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எதிரெதிரே உட்காருவோம். அவர் குனியும்போது சாவி சட்டைக்கு வெளியே வந்து தட்டில் இடிக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தரை அதிர்வதுபோல இருக்கும்.

ஒரு நாள் அக்கா என் வேலைச் சட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். நெஞ்சுப் பையில் அந்தப் பேனா கக்கி, உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக இருந்த சட்டை.

"பாருடா. இந்தக் கறை போவாதுன்னு தூக்கிப் போட இருந்தேன். சோப்புகூடப் போடல. சும்மா தண்ணியில ஒரு அலசு, அவ்வளவுதான். வெல கம்மின்னாலும் நல்ல பேனாடா. கறை எங்க இருந்துச்சுன்னு தேடணும், தடமே இல்ல."

மாமாவின் கை தட்டிலேயே நின்றது.

"ஆமா" என்றார், என்னைப் பார்க்காமல். "தடமே இருக்காது."

"உங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தரச் சொல்லட்டுமா?" என்றாள் அக்கா.

அவர் கழுத்துச் சாவியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.