நழுவுகிற கண்ணாடி

உலகம் தோன்றிய நாளிலிருந்து பெண்கள் செய்துவந்திருக்கும் மடத்தனங்களிலேயே தலையாயது, எதிரே ஒருவன் வருகிறான் என்பதற்காக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஒளித்துக்கொள்வதுதான் என்று சோடாபுட்டி சாப்பாட்டு மேசையில் அறிவித்தாள். அவளுக்குப் பதினாறு வயது. பரீட்சை முடிந்து, கோடை விடுமுறைக்கென்று ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனாலும் அவள் குரலில் துறை வல்லுநரின் கனம் வந்துவிட்டிருந்தது.

"பார்வைங்கறது ஒரு உரிமை. அதை எவனுக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நான் சாகற வரைக்கும் ஒரு ஆம்பளைக்காக இதைக் கழட்ட மாட்டேன்."

"தூங்கும்போதாவது கழட்டு. போன வாரம்தான் வளைஞ்சு போச்சு" என்றாள் அம்மா.

அறிவிப்பு உலகத்துக்குப் பொதுவானதுபோல இருந்தாலும் அக்காவுக்குத்தான் போய்ச் சேர வேண்டியது. மாடிவீட்டில் புதிதாகக் குடிவந்தவரின் செருப்புச் சத்தம் படிக்கட்டில் கேட்டாலே அக்காவின் கண்ணாடி கைப்பைக்குள் போய்விடும். அப்படிக் கழற்றிய ஒரு நாளில், சேர்த்துவைத்த சிரிப்பு அத்தனையையும் கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்குக் கொடுத்துவிட்டாள். அந்த மனிதர் அதிலிருந்து தலைவாரிக்கொண்டுதான் சிலிண்டர் தூக்குகிறார்.

"அழகுக்காகக் கழட்டறேன்னு நெனச்சியாடி?" என்றாள் அக்கா, தட்டிலிருந்து தலையெடுக்காமல். "அவர் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு தெரிஞ்சா எனக்கு வாயே வராது. தெரியலைன்னா சொல்ல வேண்டியதைச் சொல்லிடுவேன்."

சோடாபுட்டிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அதுக்கு செவுத்தப் பாத்துப் பேசேன். செவுரு நழுவிப் போகாது."

அம்மா தண்ணீரை நகர்த்திவைத்தாள்.

கண்ணாடிக் கடை ஒரு நீண்ட தாழ்வாரம் அளவே இருந்தது. மூன்று சுவரிலும் நிலைக்கண்ணாடிகள். உள்ளே வருகிறவர் தன்னை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பார்த்துத் தன்னம்பிக்கை இழந்து, நல்ல விலையில் ஒரு ஃப்ரேம் வாங்கினால்தான் மானம் மிஞ்சும் என்று முடிவுக்கு வந்துவிடுவார். முதலாளி அதிகம் பேசாதவர். வேலைக்கு வந்த அன்று அவளுக்கு ஒரே ஒரு விதி சொன்னார்.

"மூஞ்சியைப் பாக்காதே பாப்பா. மூக்கைப் பாரு, காதைப் பாரு. மூஞ்சியைப் பாத்தா இந்தத் தொழில் ஓடாது."

அவளுக்கு விரல் நுனிகளில் நிதானம் இருந்தது. கடுகளவு திருகாணியை மூச்சடக்கி உட்காரவைப்பாள். பிளாஸ்டிக் ஃப்ரேமின் கையைச் சிறு ஹீட்டரில் காட்டி, இளகியதும் காதுக்குப் பின்னால் படியும்படி வளைப்பாள். அது ஆறுவதற்குள் வளைக்க வேண்டும், முறியாமலும் வளைக்க வேண்டும். சீக்கிரமே பழுது பார்க்கும் மேசை முழுவதும் அவள் பொறுப்பாகிவிட்டது.

அந்த மேசைக்குத்தான் நீலச்சட்டை வந்தான். கல்லூரியில் முதல் வருஷம் முடித்தவன். கறுப்பு ஃப்ரேம் போட்ட ஒரு தடித்த கண்ணாடியை இரண்டு கையாலும் கொண்டுவந்து வைத்தான், ஏதோ தூங்குகிற குருவியை வைப்பதுபோல.

"அப்பாவோடது. நழுவுது."

"அவரை வரச் சொல்லுங்க. தலை இல்லாம எப்படி அளவு பாக்கறது?"

"எதிர்லதான், ஆஸ்பத்திரியில இருக்கார். எழுந்து வர முடியாது. படுத்துக்கிட்டே பேப்பர் படிப்பார், பக்கம் திருப்பறதுக்குள்ள இது மூக்கு நுனிக்கு வந்துடுது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "என் தலையை வெச்சுப் பாருங்களேன். அச்சு அசல் அப்பா தலைன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. உள்ளே இருக்கற சரக்கு மட்டும் வேறன்னு அப்பா சொல்லுவார்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டதும் அவன் கைகள் மேசை விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கதான். எதிர்லயே."

"தண்ணிக்கு அடியில உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. சீக்கிரம் பாருங்க."

அவள் சீக்கிரம் பார்க்கவில்லை. மூக்கைப் பார்த்தாள், விதிப்படி. இடதுபக்கம் லேசாகச் சாய்ந்த மூக்கு. காதைப் பார்த்தாள், விதிப்படி. பிறகு, அவனால் தன்னைப் பார்க்க முடியாது என்பது உறைத்தபோது, முகத்தைப் பார்த்தாள். இதுவரை எந்தப் பையனையும் அவள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பார்த்தால் அவனும் பார்ப்பான், பார்த்தால் சிரிப்பான், சிரித்தால் 'சோடாபுட்டி' என்பான். இவன் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, பொறுமையாக, ஒரு புகைப்படம்போலக் காத்திருந்தான்.

அவளுக்கு வந்திருப்பது என்ன வியாதி என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வேறு எவளுக்காவது வந்திருந்தால் பெயரோடு சொல்லியிருப்பாள். தனக்கு வந்ததால், கடையில் காற்றோட்டம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு கண்ணாடி அடிக்கடி நழுவியது. நீலச்சட்டை அடிக்கடி வந்தான். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியின் கையைச் சூடுகாட்டி உள்ளே வளைப்பாள், அவன் முகத்தில் மாட்டுவாள், காதுக்கும் கைக்கும் நடுவே விரல் விட்டுப் பார்ப்பாள். அப்பா இன்று என்ன சொன்னார் என்று அவன் சொல்வான்.

"யாரு இறுக்கறதுன்னு கேட்டார். ஒரு பொண்ணுன்னேன். நல்ல கை, காது வலிக்கலைன்னார். முன்னாடி வேற கடையில பண்ணும்போது ரெண்டு நாள் தலைவலியாம்."

"தலைவலின்னா நான் காசு திருப்பித் தர மாட்டேன்னு சொல்லுங்க."

"சொன்னேன். சிரிச்சார். சிரிச்சதுல நழுவிடுச்சு" என்றான் அடுத்த தடவை வந்ததும்.

சிரித்தார்கள். முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தைத்தான் பார்த்தார், இரண்டு பேருடையதையும். பிறகு குனிந்துகொண்டார்.

ஒரு மத்தியானம் அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சொன்னான்:

"இப்ப எனக்கே இறுக்குது."

"வலிக்குதா?"

"கொஞ்சம். நெத்திப் பொட்டுல அழுத்துது. ஆனா அவருக்கு இன்னும் நழுவுது."

அவள் கை நின்றது. இத்தனை நாளும் கண்ணாடி தளர்கிறது என்றே அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். கண்ணாடி தளரவே இல்லை. தடவைக்குத் தடவை அவள் சரியாகத்தான் இறுக்கியிருக்கிறாள். தளர்ந்துகொண்டிருந்தது அந்த முகம். கன்னம் போய், பொட்டு குழிந்து, காதுக்குப் பின்னால் எலும்பு மட்டும் நின்று, கண்ணாடி பிடித்துக்கொள்ள இடமில்லாமல் ஆகிக்கொண்டிருந்தது. அவனுக்கும் அது அந்த நேரத்தில்தான் தெரிந்ததா, முன்பே தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியவில்லை. தடித்த லென்சுக்குப் பின்னால் அவன் கண்கள் பெரிதாக, எதையும் பார்க்காமல் இருந்தன.

செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். இன்னும் உள்ளே வளைக்க வேண்டும், அவன் தலைக்கு ஏறவே ஏறாத அளவுக்கு. அப்படி வளைத்துவிட்டால் இனி அவன் அதைப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. எதிரே உட்கார வேண்டியதில்லை. வளைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவான், நழுவாமலும் இருக்கும், வராமலும் இருப்பான்.

அவள் கண்ணாடியின் கையைச் சூடுகாட்டினாள். உள்ளே வளைப்பதற்குப் பதிலாக, மயிரிழை அளவு வெளியே வளைத்தாள்.

"இப்ப?"

"இப்ப சரியா இருக்கு" என்றான் அவன். அவனுக்குச் சரியாக இருந்தது.

மறுநாள் அவளுக்கு விடுப்பு. அதற்கடுத்த நாள் அவன் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் நிமிர்ந்தாள். மூக்குகள் வந்தன, காதுகள் வந்தன. வீட்டில் சாப்பாட்டு மேசையில் எந்த அறிவிப்பும் இல்லை. "உடம்பு சரியில்லையா?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அக்கா தன் தட்டிலிருந்த அப்பளத்தை அவள் தட்டில் வைத்தாள்.

அவன் வந்தபோது முதலாளி பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீலச்சட்டை இல்லை, ஏதோ ஒரு வெளிறிய சட்டை. முகத்தில் தாடி. முன்போலவே இரண்டு கையாலும் கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்தான். ஒரு லென்ஸில் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. ஒரு கை முறிந்து தனியாக இருந்தது.

"சரி பண்ண வேணாம். வெச்சுக்கறதுக்குத்தான். கையை மட்டும் ஒட்டிக் குடுத்தா போதும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், "எப்போ?" என்றாள்.

"போன வாரம்." அவன் கண்ணாடியின் முறிந்த கையை எடுத்து, அது இருந்த இடத்தில் பொருத்திப் பார்த்தான். "அதுக்கு முன்னாடி நாள் இது கீழே விழுந்துடுச்சு. டிராலி ஏறிடுச்சு. அப்புறம் அவர் கண்ணுக்கு எதுவும் தெரியல. என்னை வார்டு பாய்னு நெனச்சு, 'என் பையன் வந்தா எழுப்புங்க'ன்னு என்கிட்டயே சொன்னார். நான்தான்பான்னேன். கையால மூஞ்சியைத் தடவிப் பாத்து, 'ஷேவ் பண்ணலையாடா'ன்னார்."

அவன் சிரிக்கப் பார்த்தான். பாதியில் விட்டுவிட்டான்.

"என் தப்பு" என்றான். "நழுவுதுடா, போய் இறுக்கிட்டு வான்னு அன்னிக்குக் காலையிலயே சொன்னார். இங்க வந்து எட்டிப் பாத்தேன். உங்களுக்கு லீவுன்னு சொன்னாங்க. உங்க முதலாளி பண்ணித் தரேன்னார். நான்தான் நாளைக்கு வரேன்னுட்டேன். மத்தவங்க இறுக்கினா அப்பாவுக்குத் தலைவலிக்குமேன்னு..." நிறுத்தினான். "அதுவும் காரணம் இல்ல. விடுங்க."

மூன்று சுவர்க் கண்ணாடிகளிலும் அவன் தலைகுனிந்து நின்றான்.

"உங்க தப்பு இல்ல" என்றாள் அவள்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." கோபமில்லாமல்தான் சொன்னான். "ஆனா ஒரு நாள் முன்னாடி இறுக்கியிருந்தா அவர் என்னைப் பாத்திருப்பார். அது எனக்குத் தெரியும் இல்ல?"

சும்மா இருந்தால் போதும். முறிந்த கையை ஒட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போவான். அவள் செய்தது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, ஆயுசுக்கும் தெரியாது. அவன் மட்டும் ஆயுசுக்கும் அந்த ஒரு நாளைத் தூக்கிக்கொண்டு நடப்பான், அவளுடைய தப்பை.

"அன்னைக்கே நான் சரியா இறுக்கியிருந்தா விழுந்திருக்காது" என்றாள். "நீங்க எனக்கே இறுக்குதுன்னு சொன்னீங்களே, அன்னைக்கு. இன்னும் இறுக்கணும்னு எனக்குத் தெரியும். இறுக்கல. லூசாக்கிக் குடுத்தேன்."

அவன் நிமிர்ந்தான். "தெரியாம பண்ணிட்டீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

அவன் முகம் நேர் எதிரே இருந்தது. இந்தத் தடவை தண்ணீருக்கு அடியில் இல்லை. ஒவ்வொரு தாடி மயிரும் தெரிந்தது. கண்ணின் சிவப்பு தெரிந்தது. புருவத்துக்கு நடுவே ஒன்று இறுகத் தொடங்கியிருந்தது. அது என்னவாக ஆகப்போகிறது என்று அவளால் பார்க்க முடிந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அது தொண்டைக்கு வந்து, அந்தப் புருவத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது. மறுபடி போயிற்று.

சோடாபுட்டி கையை உயர்த்தித் தன் கண்ணாடியைக் கழற்றினாள். அதன் இரண்டு கையையும் மடித்து, அவன் அப்பாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில், சத்தம் வராமல் வைத்தாள். புருவம் போயிற்று. மூக்கு போயிற்று. எதிரே வெளிறிய நிறத்தில் ஒரு மங்கல் மட்டும் அசையாமல் காத்திருந்தது.

அதைப் பார்த்து அவள் பேசத் தொடங்கினாள்.