ஸ்டோர் ரூமுக்கு வைஃபை

அந்த வீட்டு மாமனாருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு: ஒயர்மேன். முப்பது வருடம் டெலிபோன் கம்பெனியில் குப்பை கொட்டியவர், ஓய்வு பெற்ற மறுமாதமே வீடு முழுக்கக் குழாய் பதித்து நெட் ஒயர் இழுத்தார். ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று, தன் படுக்கையறையில் ஒன்று. கார் ஷெட்டுக்குக்கூட ஒன்று, காருக்கு அப்படி என்ன அவசரமோ! சமையலறைக்கும் அதன் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமுக்கும் மட்டும் கிடையாது.

"அங்க யாரு நெட் பாக்கப் போறா?" என்றார். பாதி நாளை அங்கேயே கழிக்கும் மருமகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

இப்போது அவளுக்கு ஒரு வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்ய வேண்டும். பரீட்சையில் தேறிவிட்டாள். மிச்சம் ஒன்றுதான்: புதன்கிழமை பதினோரு மணிக்கு, வேலை செய்யும் அறையைக் கேமராவில் காட்ட வேண்டும். நோயாளிகளின் அந்தரங்கம் என்பதால் கதவு சாத்தும் தனி அறை வேண்டும், வேறு ஆள் இருக்கக் கூடாது. இல்லையென்றால் வேலை அடுத்தவருக்கு.

மாடி அறையில் கணவன் ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலெல்லாம் தூங்குவான். ஸ்டோர் ரூமில் போன் சிக்னலும் எட்டாது. ஆனாலும் மூட்டைகளை வெளியே தள்ளி மேஜையைப் போட்டுவிட்டாள்.

"மாமா, இங்க ஒரு ஒயர்..."

"என் சுவத்துல இனிமே துளை போட விடமாட்டேன்."

"அப்ப வைஃபை வச்சுக்கறேன்."

"காத்துல வர்றது காத்தோட போயிடும்மா. இந்த வீட்டுக்கு அது வேண்டாம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா வீட்டில் சும்மா கிடந்த பழைய வைஃபை பெட்டியை வாங்கி வந்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹால் பாயிண்டில் சொருகினாள். அடுத்த நிமிஷம் வீடு முழுக்க நெட் செத்தது.

"சொன்னேன்ல?" மாமனார் முகத்தில் அப்படியொரு குளிர்ச்சி.

அவள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டுபோய் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தாள். சங்கதி புரிந்தது. வீட்டுக்கு நெட் கொண்டுவரும் பெரிய பெட்டிக்கும் இதற்கும் தயாரிக்கும்போதே கொடுத்த நெட் முகவரி ஒன்றே. போதாததற்கு, வருகிற கருவிக்கெல்லாம் நம்பர் கொடுக்கும் வேலையை இரண்டுமே செய்தன. ஒரே வரிசைக்கு இரண்டு பேர் டோக்கன் கொடுத்தால் அடிதடிதானே! அக்கா வீட்டுப் பெட்டியின் முகவரியில் கடைசி எண்ணை மாற்றினாள். நம்பர் கொடுக்கும் வேலையை நிறுத்தினாள். ராத்திரி மாமனார் தூங்கியதும் பெட்டியை மறுபடி ஹாலுக்குக் கொண்டுபோய், அதன் பின்பக்கம் தனியாக இருக்கும் நெட் துளையை விட்டுவிட்டு, மற்ற நான்கில் ஒன்றில் ஒயரைச் சொருகினாள்.

ஹாலில் இருப்பது ஒரே பாயிண்ட், அதில் மாமனாரின் கம்ப்யூட்டர். அதனால் சுவர் ஒயர் அவள் பெட்டிக்கு வந்தது, பெட்டியிலிருந்து இன்னொரு ஒயர் அவர் கம்ப்யூட்டருக்குப் போனது. ஸ்டோர் ரூமில் சிக்னல் முழுசாக நின்றது.

புதன்கிழமை, பதினோரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். மாமனார் செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் உட்கார்ந்திருந்தார், திரையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பெட்டியின் பச்சை விளக்கு அவர் கண்ணில் பட்டது.

"யாரைக் கேட்டு வச்ச?" கை சுவர் ஒயருக்குப் போனது.

"யாரையும் கேக்கல. புடுங்குங்க மாமா," என்றாள் அவள். "உங்க ஆட்டமும் அது வழியாத்தான் போகுது. மாத்திச் சொருகறதுக்குள்ள உங்க நேரம் போயிடும். அப்படியும் புடுங்கினா நான் மறுபடி சொருகுவேன். நாளைக்கும் சொருகுவேன்."

ஒயர்மேன் ஒயரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஒயரிடம் தோற்றார். கையை எடுத்துக்கொண்டு யானையை நகர்த்தினார்.

அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். திரையில் ஒரு பெண் வந்தாள். நான்கு சுவரையும் கதவையும் காட்டச் சொன்னாள், இவள் காட்டினாள்.

"இது யாரோட ரூம்?"

பதினோரு வருடமாக இந்த வீட்டில் எதையும் அவள் தன்னுடையது என்று சொன்னதில்லை.

"என்னோடது," என்றாள், ஹாலுக்கும் கேட்கட்டும் என்று.