பாகத்துக்கு வந்த ஸ்பீக்கர்

அமாவாசைக்கு மறுநாள் காலையில் மஞ்சுளா தன் ரேடியோ ரிப்பேர் கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே அண்ணன் சிங்காரவேலு ஸ்பீக்கர் பெட்டியோடு நின்றிருந்தான். குருவிநத்தத்திலிருந்து வில்லியனூர் வரை வண்டியில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். கீச்சொலி தரும் ட்வீட்டர் போய்விட்டதாம். பாட்டு மூக்கடைத்த மாதிரி கேட்கிறதாம்.

அதன் ஜோடிப் பெட்டி ஏற்கெனவே அவள் மேசைக்கு அடியில் கிடந்தது. தம்பி அன்புராஜ் கொண்டுவந்து போட்டது. அதற்கும் அதே சீக்கு.

ஊர் திரும்பிய பிரெஞ்சுக்கார வாத்தியார் ஒருவரிடம் அப்பா வாங்கிய ஜோடி அது. பாகம் பிரித்தபோது கரும்புக் கொல்லைக்கு நடுவில் வரப்பு போட்டார்கள். வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினார்கள். ஸ்பீக்கரை ஆளுக்கு ஒன்று என்றார்கள். ஜோடியைப் பிரிக்க வேண்டாம் என்று மஞ்சுளா சொல்லிப் பார்த்தாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இதில் என்ன பேச்சு என்று வாயை அடைத்தார்கள். எனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். பஸ் ஏறும் முன் அண்ணன் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தான்.

பிறகு இருவரும் ஆளுக்கொரு மட்டமான ஆம்ப்ளிஃபயர் வாங்கினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பதைவிடத் தன் பெட்டி உரக்கக் கேட்க வேண்டும். முழுசாகத் திருகி வைத்தார்கள். ஆம்ப்ளிஃபயர் திணறத் திணற ட்வீட்டர்கள் தீய்ந்தன.

இரண்டையும் கழற்றிப் பார்த்தாள். அண்ணனுடையதில் கம்பிச்சுருள் கரிக்கட்டை. தம்பியுடையதில் சுருள் பிழைத்திருந்தது. முனைக்கம்பி மட்டும் அறுந்திருந்தது, பற்றவைக்கலாம். இந்த மாடலுக்கு உதிரி கிடைப்பதில்லை. தம்பியுடையது ஒன்றுதான் தேறும் என்று அண்ணனிடம் சொன்னாள்.

அவன் மேசைக்கு அடியில் பார்த்தான். குரலைத் தணித்தான்.

"அவன்தை எடுத்து எனக்கு வச்சிரு. என்னுத அவன் பொட்டில போட்டு மூடிடு. அந்தச் செவுடனுக்கு இன்னா தெரியப்போவுது?"

மஞ்சுளா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அன்புராஜுக்கு ஃபோன் போட்டு, அண்ணன் பெட்டியும் வந்திருக்கிறது, இரண்டில் ஒன்றுதான் பிழைக்கும் என்றாள். யாருடையது பிழைத்தது என்றுகூட அவன் கேட்கவில்லை.

"நல்லத எனக்கு வையிக்கா. அவரு கேட்டா எலி கடிச்சிடுச்சின்னு சொல்லிடு."

சொத்தில் பங்கில்லை என்றவர்கள் திருட்டில் பங்கு தருகிறார்கள்.

கம்பியைப் பற்றவைத்தாள். மல்டிமீட்டரில் முள் அசைந்தது. ஆனால் அந்த ட்வீட்டரை எந்தப் பெட்டியிலும் மாட்டவில்லை. இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னாள், ஒருவன் வருவது மற்றவனுக்குத் தெரியாமல்.

வந்தார்கள். அண்ணன் சுவரைப் பார்த்தான். தம்பி வந்த வழியே திரும்பப் பார்த்தான். மஞ்சுளா ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள். மேசைமேல் இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, நெற்றியில் ஆளுக்கொரு ஓட்டையோடு.

"இன்னாம்மா இது, கூப்ட்டு வச்சி அசிங்கப்படுத்தறியா?" என்றான் சிங்காரவேலு.

அவன் கேட்டதைத் தம்பியிடமும், தம்பி கேட்டதை அவனிடமும் ஒரு சொல் குறையாமல் சொன்னாள். எலியையும் விடவில்லை. அவள் ட்வீட்டரை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"ரெண்டுல ஒண்ணுதான் தேறிச்சி. நாம மூணு பேரு. இப்பப் பாகம் பிரிங்கண்ணா, பாக்கலாம்."