பெரியேரிக்குப் போன படகு

அருள்மணி கடலில் விழுந்தது ஆடி மாதத்தில். பட்டினச்சேரிக்குக் கிழக்கே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வலையை இழுத்துக்கொண்டிருந்தவன், திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தான். கூட இருந்தவர்கள் முடியைப் பற்றித் தூக்கிப் படகுக்குள் போட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் கடலில் கழித்தவனுக்கு நீந்தத் தெரியாமல் இல்லை. எது மேல், எது கீழ் என்றுதான் தெரியவில்லை.

காரைக்காலில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, உள்காதில் கோளாறு என்றார். மாத்திரை போட்டால் அடங்கும், முழுசாகப் போகாது.

"அலை தூக்கிப் போடுற எடத்துக்கு இனிமே போகாதீங்க. தலையச் சடார்னு திருப்பாதீங்க" என்றார்.

மூன்று மாதம் வீட்டில் இருந்தான். அவன் மனைவி அஞ்சுகம் வழக்கம்போல ஏலத்தில் மீன் எடுத்து மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள். அவன் கிழிந்த வலைகளை முடிந்து கொடுத்தான். முடிய வலை இல்லாத நாளில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பங்காளிகள் இரக்கத்துக்கு ஒரு கூடை மீன் கொடுத்தனுப்பிய அன்று சாப்பிடாமல் எழுந்துவிட்டான்.

அந்த வாரமே அஞ்சுகம் தன் பிறந்த ஊருக்குப் பஸ் ஏறினாள். திருநள்ளாறு தாண்டி மேற்கே ஒரு மணி நேரம். அங்கே பெரியேரி மீனவர் சங்கத்தில் அவள் அண்ணன் உத்திராபதி உறுப்பினர். ஏரிக்காரர்கள் தெர்மாகோல் தெப்பத்தில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவர்கள். அக்கரை மூன்று கிலோமீட்டர். வலை எடுத்துத் திரும்புவதற்குள் வெயிலேறி மீன் கெட்டுவிடும். அதனால் அந்தப் பக்கம் யாரும் வலை விடுவதே இல்லை.

"எஞ்சின் படகு இருந்தா அக்கரைய ஒனக்கே விடச் சொல்லுறேன்" என்றார் உத்திராபதி. "பொங்கலுக்குள்ள தண்ணியில எறங்கணும். இல்லேன்னா வேற ஆளு கேக்குறான்."

திரும்பி வந்து சொன்னபோது அருள்மணி சிரித்தான். "குளத்துல கெண்ட புடிக்கச் சொல்லுறியா?"

"கெண்ட புடிச்சா என்ன? ஏரியில அலை இல்லீங்க. அத மட்டும் யோசிங்க."

மூன்றாம் நாள் காலையில், "மண்டபத்தூர்ல ஒரு சின்னப் பைபர் படகு கவுத்துப் போட்டுக் கெடக்கு. பதினாலு அடி. கேட்டுப் பாப்போமா?" என்றான்.

படகு கிடைத்தது. அடிப்பாகத்தில் மூன்று இடத்தில் விரிசல். எஞ்சின் மாட்டுகிற பின்பலகை உள்ளுக்குள் ஊறிப் புட்டு மாதிரி உதிர்ந்தது. அருள்மணி அதை உளி வைத்துச் சுரண்டி எடுத்தான். நடுவில் தலை சுற்றினால் கண்ணை மூடி மணலில் படுத்துக்கொள்வான். நின்றதும் எழுந்து சுரண்டுவான். புதுப் பலகை வைத்து, கண்ணாடி நார் விரித்து, மேலே ரெசின் பசை பூசினார்கள். மார்கழிப் பனியில் ரெசின் இறுகவில்லை. தொட்டால் விரலில் ஒட்டியது. இரண்டாவது தடவை பூசி, வெயில் வரும் வரை தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள்.

படகோடு வந்த பழைய எஞ்சினைத் தமீம் அன்சாரியிடம் கொண்டுபோனார்கள். துபாயில் படகுப் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, காரைக்காலில் கடை போட்டிருந்தவன். கடலில் ஓடிய எட்டுக் குதிரைச் சக்தி எஞ்சின் அது. மூடியைக் கழற்றியதும் உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது.

"யா அல்லாஹ், இத ஒரு நாளாச்சும் நல்ல தண்ணியில கழுவுனாங்களா?" என்றான் தமீம்.

தண்ணீர் போகிற வழியெல்லாம் கம்பி விட்டுக் குத்தி உப்பை எடுத்தான். பம்ப்புக்குள் இருந்த ரப்பர் சக்கரத்தில் இரண்டு இதழ் அறுந்திருந்தது. அதை மாற்றினான். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினான். பிறகு ட்ரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை முக்கி ஓட விட்டான். பின்பக்கத் துளையிலிருந்து விரல் பருமனுக்குத் தண்ணீர் பீய்ச்சியது.

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்ற அஞ்சுகம், "அது எதுக்குத் தம்பி?" என்று கேட்டாள்.

"அதுதான் எஞ்சினோட மூச்சு அக்கா. தண்ணி உள்ள போயி சூட்ட எடுத்துக்கிட்டு வெளிய வருது. அது நின்னா ஒடனே எஞ்சின நிறுத்திப்புடணும். இல்லேன்னா சூடேறி உள்ள இறுகிப் புடிச்சுக்கும்."

அவள் அதற்குப் பிறகு நிறையக் கேட்டாள். பிளக்கை எப்படிக் கழற்றுவது, ஆயில் எவ்வளவு கலப்பது. தமீம் சலிக்காமல் சொன்னான். அருள்மணிக்கு அது கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

"நீ என்னாத்துக்கு இதையெல்லாம் கேக்குற?"

"வீட்டுல ஒரு பொருள் வந்தா தெரிஞ்சுக்க வேணாமா?"

போகிக்கு ஐந்து நாள் முன்னால் மினி லாரியில் படகை ஏற்றிப் பெரியேரிக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீரில் இறக்கியதும் அருள்மணி குனிந்து பார்த்தான். கடலில் நிற்பதைவிட கொஞ்சம் தாழ்ந்து நின்றது. "உப்புத் தண்ணி மாதிரி நல்ல தண்ணி தூக்கிக் குடுக்காது. பாரத்தக் கொறைக்கணும்" என்று நங்கூரக் கல்லில் ஒன்றை எடுத்துக் கரையில் போட்டான்.

மறுநாள் காலை வெள்ளோட்டம். வலை பிடிக்க வரவேண்டிய உத்திராபதிக்குக் காய்ச்சல்.

"நான் வர்றேன்" என்றாள் அஞ்சுகம்.

அவள் அதுவரை படகில் உட்கார்ந்ததில்லை. பட்டினச்சேரியில் பெண்கள் கரையோடு சரி. அருள்மணி ஒரு கணம் தயங்கினான். ஏரியைப் பார்த்தான். கண்ணாடி மாதிரி கிடந்தது. "நடுவுல உக்காரு. ஆடாத" என்றான்.

பாதி தூரம் நன்றாகத்தான் போனது. மேற்குப் பக்கம் வெங்காயத்தாமரை மிதந்துகொண்டிருந்தது. அதில் சிக்கிவிட்டோமா என்று பார்க்க அருள்மணி சட்டென்று பின்னால் திரும்பினான். அவ்வளவுதான். எஞ்சின் கைப்பிடியை விட்டுவிட்டுப் படகின் தளத்தில் குப்புற விழுந்தான்.

படகு வட்டமடிக்க ஆரம்பித்தது. அஞ்சுகம் முழங்காலில் ஊர்ந்து அவனைத் தாண்டிப் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். நேராக்கினாள். அப்போதுதான் பின்னால் பார்த்தாள்: தண்ணீர் பீய்ச்சவில்லை. உடனே சிவப்புப் பொத்தானை அழுத்தி எஞ்சினை நிறுத்தினாள்.

"என்னங்க, கேக்குதா?"

"சுத்துது" என்றான் கண்ணை மூடியபடி. "தொடாத. அப்படியே விடு."

காற்று படகை மெல்லத் தாமரைக் கூட்டத்துக்குள் தள்ளியது. கரையில் ஆட்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். கூப்பிட்டால் கேட்காது. எஞ்சினைத் தூக்கிச் சாய்த்தாள். தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் வேர் சுற்றியிருந்தது. தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாசி அப்பியிருந்தது. படகில் கிடந்த அரிவாளால் வேரை அறுத்தாள். பாசியை நகத்தால் வழித்தாள். எஞ்சினை இறக்கி, கயிற்றை இழுத்தாள். இல்லை. மறுபடி இழுத்தாள். தோள்பட்டை விண்ணென்றது.

கீழே கிடந்தபடியே அருள்மணி சொன்னான்: "ஒரே மூச்சுல இழு. பாதியில விடாத."

ஐந்தாவது இழுப்பில் உறுமியது. தண்ணீர் பீய்ச்சியது. தாமரையைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக, கரைக்கு ஓட்டி வந்தாள்.

கரையில் சங்கச் செயலாளர் தெட்சிணாமூர்த்தி நின்றிருந்தார். அருள்மணியைக் கைத்தாங்கலாக இறக்குவதைப் பார்த்தவர் தலையை ஆட்டினார். "இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு எப்படிம்மா? சங்கம் பொறுப்பேத்துக்க முடியாது."

"ஓட்டப் போறது அவரு இல்லீங்க. நான்."

"நீயா? அனுமதிச் சீட்டுல..."

"ஓட்டுநர் பேருன்னுதான் போட்டிருக்கு. ஆம்பளப் பேருன்னு போடலீங்களே. எங்கப்பா இந்தச் சங்கத்துல இருந்தவரு. பொங்கலுக்கு முதநாள் அக்கரை போயி வலை எடுத்து எட்டு மணிக்குள்ள வர்றேன். வரலேன்னா படகத் திருப்பி ஏத்திக்கிட்டுப் போயிடுறேன்."

"போகியன்னிக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் தெட்சிணாமூர்த்தி நடந்தார்.

அன்று மத்தியானம் அருள்மணி வேப்பமரத்தடியில் படுத்திருந்தான். முகத்தைத் துண்டால் மூடியிருந்தான். அழுகிறானோ என்று அவள் நினைத்தாள். அருகில் போய் உட்கார்ந்தாள்.

"என் கையில இருந்தத ஒன் கையில குடுத்துட்டு நான் என்ன பண்றது?" என்று துண்டுக்குள்ளிருந்தே கேட்டான்.

"எனக்கு வலை விடத் தெரியாது. எங்க விடணும்னும் தெரியாது. முன்னால பாத்து உக்காந்து அதச் செய்யுங்க. பின்னால திரும்பவே வேணாம். பின்னால நான் இருக்கேன்."

துண்டு விலகவில்லை. "அந்த விசிறிக்கு ஒரு கூண்டு கட்டணும்" என்றான்.

இரும்பு வளையத்தில் கம்பி சுற்றிக் கூண்டை அவனே கட்டினான். தமீமைப் போனில் கேட்டு, வேர் சிக்காமல் இருக்க எஞ்சினைப் பலகையில் இரண்டு அங்குலம் உயர்த்தி மாட்டினார்கள். மூன்று நாளும் அஞ்சுகம் காலையும் மாலையும் ஓட்டிப் பழகினாள். ஒரு தடவை கரையில் முட்டினாள். ஒரு தடவை பெட்ரோல் குழாயைத் திறக்க மறந்து நடு ஏரியில் நின்றாள். கைப்பிடி பிடித்த உள்ளங்கையில் கொப்புளம் கட்டி உடைந்தது, துணி சுற்றிக்கொண்டாள். அருள்மணி தாழ்வான பலகையில் முன்னோக்கி உட்கார்ந்து, நீரின் நிறத்தையும் நாரைகள் இறங்கும் இடத்தையும் பார்த்துக்கொண்டே வந்தான். "அந்தக் கருவ மரத்துக்கு நேரா ஆழம் இருக்கு. அங்க விடுவோம்" என்றான். போகிக்கு முதல் நாள் சாயங்காலம் அங்கே வலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

போகியன்று பனி கலையும் முன்னே புறப்பட்டார்கள். நடுவில் ஒரு முறை நிறுத்திச் சல்லடைப் பாசியை வழித்தாள். வலையை அவன் தலையை அசைக்காமல், தோளும் கையும் மட்டும் வேலை செய்ய, முழம் முழமாக எடுத்தான். கெண்டை, ஜிலேபிக் கெண்டை, நடுவே கைநீளத்துக்கு ஒரு விரால். அவன் உதட்டில் ஆடிக்குப் பிறகு முதல் தடவையாகச் சீட்டி வந்தது.

கரை தட்டும்போது ஏழே முக்கால். மீன் துள்ளிக்கொண்டிருந்தது. தெட்சிணாமூர்த்தி கூடைக்குள் கைவிட்டு ஒரு கெண்டையின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். ரத்தச் சிவப்பு. அனுமதிச் சீட்டையும் பேனாவையும் எடுத்து, "முழுப் பேரு சொல்லும்மா" என்றார்.

"அஞ்சுகம் அருள்மணி" என்றாள் அவள்.

அருள்மணி எஞ்சினைத் தூக்கிச் சாய்த்து, கூண்டில் மாட்டியிருந்த வேர்களைப் பிய்த்துப் போட ஆரம்பித்திருந்தான்.